அண்ணன் சாகத்தான் வேண்டும். மேடையில் கத்தி வேண்டாம்

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் 18 பேர். அதில் 6 பேர் குழந்தைகள். இசைக்கு 5 பேர் இருக்கிறார்கள். வட்டிக்குக் கடன் கொடுக்கும் கும்பலில் சேர்ந்து அண்ணன் சீரழிவதையும், 11 வயதுத் தம்பி அதைப் பார்த்தே வளர்வதையும் சொல்லும் ஒரு படத்தைக் குடும்பத்தோடு பார்க்கும் இசை நாடகமாக்க ஆசைப்படுகிறோம். படம் 2 மணி 20 நிமிடம். கத்திக்குத்து, போதை, அண்ணனின் காதலிக்கு நேரும் பாலியல் கொடுமை, வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை, எல்லாம் உண்டு. எதை வெட்டுவது? பாட்டுகளை எங்கே வைப்பது? கடைசியில் அண்ணன் தப்பிப் பிழைப்பதாக மாற்றலாமா? படத்தின் இரண்டு பாடல்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அண்ணனைப் பிழைக்க வைக்காதீர்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையும் இதில்தான் இருக்கிறது, அதனால் இதை முதலில் சொல்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாவு புரியும், பிரிவு புரியும், பயமும் புரியும். உடம்பு சிதைவதைக் கண்ணெதிரே பார்ப்பதும், பயந்த நேரத்தில் மேடையில் நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவர்கூட இல்லாமல் போவதும்தான் அந்தப் பிள்ளையால் தாங்க முடியாதவை. ஆகவே கொடுமையின் காட்சியை வெட்டுங்கள். அதற்குக் கொடுத்த விலையில் கை வைக்காதீர்கள். அண்ணன் பிழைத்துவிட்டால் கும்பலில் சேர்ந்ததற்கு விலையே இல்லை என்றாகிவிடும். பிறகு தம்பி கடைசியில் எடுக்கும் முடிவுக்குக் காரணம் எங்கிருந்து வரும்?

இதை நன்றாகச் செய்து காட்டிய ஒரு முன்மாதிரி உண்டு. 1957இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் கபீரியா’ என்ற இத்தாலியப் படத்தின் நாயகி பாலியல் தொழிலாளி. அதை 1966இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ‘ஸ்வீட் சாரிட்டி’ என்ற இசை நாடகமாக்கியபோது, அவளை நடனக் கூடத்தில் காசுக்கு ஆடும் பெண்ணாக மாற்றினார்கள். ஆனால் கல்யாணம் செய்துகொள்வதாக நம்பவைத்தவன் கடைசியில் அவளைக் கைவிடுவது அப்படியே இருக்கிறது. தொழில் மாறியது, ஏமாற்றம் மாறவில்லை. உங்கள் படத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்: எது சூழல், எது காயம்?

வேலையைத் தொடங்குமுன் உரிமை விஷயத்தை முடித்துவிடுங்கள். அது கையில் இல்லாமல் ஒரு பல்லவிகூட எழுத வேண்டாம். மேடை உரிமை படத் தயாரிப்பாளரிடம்தான் இருக்கும் என்பது நிச்சயமில்லை. கதை ஒரு நாவலிலிருந்து வந்திருந்தால் நாவலாசிரியரே அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம். திரைக்கதையாசிரியரின் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி இருக்கலாம். நீங்கள் வாங்கும் அனுமதிக் கடிதத்தில் இசை நாடகம் என்ற வடிவம், மொழி, எத்தனை காட்சிகள், எந்தெந்த ஊர்கள், எவ்வளவு காலம், இவற்றோடு ‘கதையையும் பாத்திரங்களையும் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வாசகத்தைத்தான் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. நீங்கள் செய்யப்போவதே மாற்றம்தான். அனுமதி இல்லாமல் மாற்றினால், படைப்பைச் சிதைத்துவிட்டார்கள் என்று மூலப் படைப்பாளி எதிர்க்க இடமிருக்கிறது.

படப் பாடல்கள் வேறு கணக்கு. இசை உரிமைச் சங்கங்கள் கொடுக்கும் பொது உரிமம் பொதுவாகக் கச்சேரிக்கானது. ஒரு பாத்திரம் வேடமணிந்து கதைக்குள் அதே பாட்டைப் பாடினால் அதற்குப் பாடலின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். படத்தின் ஒலிப்பதிவையே ஓடவிட்டால் பதிவு நிறுவனத்தின் அனுமதியும் சேரும். அனுமதி கிடைத்தாலும் அந்த இரண்டு பாட்டையும் விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. படம் பார்த்த பெரியவர்கள் அந்த மெட்டைக் கேட்டதும் திரையில் பார்த்த ரத்தத்தை நினைவில் கொண்டுவந்துவிடுவார்கள். பழகிய இரண்டு பாட்டுக்குப் பக்கத்தில் உங்கள் புதுப் பாட்டுகளும் அநாதையாக நிற்கும்.

அடுத்தது கத்தரிக்கோல். படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது, அதைக் காட்டக் கேமரா என்ன செய்தது. இந்த நீளப் படத்தில் நூறு அட்டைக்கு மேல் வந்துவிடும். மேடைக்கு அதில் 20 போதும். எதுவும் மாறாத காட்சி, எவ்வளவு அழகாக இருந்தாலும், போகட்டும். தெருவை மேலிருந்து காட்டுவது, மழையில் பைக் ஓட்டுவது, சுவரில் நிழல் நகர்வது, இவையெல்லாம் கேமராவின் சொத்து. ஆனால் ஒரு அட்டையில் ‘நெருக்கத்தில் முகம், வசனம் இல்லை’ என்று எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். படத்தில் முகத்தின் நெருக்கக் காட்சி செய்யும் வேலையை மேடையில் பாட்டு செய்கிறது. உங்கள் பாட்டுகளில் பாதி அந்த அட்டைகளிலிருந்தே வரும்.

20 அட்டை என்று ஏன் கறாராகச் சொல்கிறேன் என்றால், படத்தில் வெட்டு ஒரு நொடிகூட ஆகாது. மேடையில் விளக்கை அணைத்து நாற்காலியை நகர்த்த அரை நிமிடம் ஆகும். 20 மாற்றம் என்றால் 10 நிமிடம் இருட்டு. பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள், அதன்பின் அவர்களை மீட்பது கஷ்டம். ஆகவே அரங்கம் ஒன்றே இருக்கட்டும்: வீடு, தெரு, தலைவனின் கடை மூன்றும் மூன்று மட்டத்தில் எப்போதும் தெரியும்படி. விளக்கு எங்கே விழுகிறதோ அங்கே கதை நடக்கும். சாமான்களைக் கோரஸ் பாடிக்கொண்டே நகர்த்தும்.

நேரத்தை இப்படிப் பங்கிடலாம்: முதல் பாதி 60 நிமிடம், இடைவேளை 20, இரண்டாம் பாதி 50க்கு மேல் போகக் கூடாது. 12 பாட்டு, சராசரி 3 நிமிடம். பழைய மெட்டு திரும்பி வரும் சிறு துண்டுகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஆக 40 நிமிடம் இசைக்குப் போய்விடும். மீதி 70 நிமிடத்துக்கு வசனம் 55 பக்கத்தைத் தாண்டினால் குறையுங்கள். தம்பிக்கு என்ன ஆசை என்பதை முதல் கால்மணி நேரத்துக்குள் அவனே பாடிவிட வேண்டும். படம் அதை நாற்பதாவது நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இங்கே அவ்வளவு காத்திருக்க முடியாது.

பாட்டு விஷயத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேடையில் யார் பாடுகிறார்களோ அவர்களைப் பார்வையாளர் நேசிக்கத் தொடங்கிவிடுவார்கள். முரட்டுப் படங்களில் கும்பல்தான் கலகலப்பாக இருக்கும், ஆட்டத்துக்கும் தோதாக இருக்கும். அதனால் இசையமைப்பாளர் கும்பலுக்கு மூன்று குத்துப்பாட்டு போட்டுவிடுவார். அம்மாவுக்கு ஒரு சோகப் பாட்டு, காதலிக்கு ஒன்றுமில்லை. ஒத்திகையில் எல்லாரும் சந்தோஷமாக ஆடுவார்கள். அரங்கேறிய பிறகுதான் நாடகம் கும்பலைக் கொண்டாடுவது தெரியவரும். பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, எதிரே பாடுபவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். கும்பலுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்பே காதலிக்கு ஒரு பாட்டு இருக்கட்டும். அதில் அவள் சோகப்பட வேண்டாம், தன் திட்டங்களைப் பாடட்டும்.

கும்பல் தலைவனின் பாட்டையே மருந்தாக்கவும் முடியும். அது எண்ணும் பாட்டாக இருக்கட்டும்: ‘பத்து கொடுத்தேன், பன்னிரண்டு கொடு, பன்னிரண்டு இல்லையா, பதினைந்து கொடு.’ துள்ளும் மெட்டு. பிள்ளைகள் இரண்டாம் சரணத்திலேயே கூடச் சேர்ந்து எண்ணுவார்கள், எண்ணட்டும். இரண்டாம் பாதியில் அதே மெட்டைப் பாதி வேகத்தில், கீபோர்டு மட்டும் வைத்து, அம்மா பாடுகிறாள்: வீட்டிலிருந்து என்னென்ன போயிற்று என்று ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டு. கூடச் சேர்ந்து எண்ணிய பிள்ளைகள் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். கடன் எப்படி ஆளை விழுங்குகிறது என்பதற்கு வேறு வசனம் தேவைப்படாது.

இனி அந்தக் கொலைக் காட்சி. மேடையில் கத்தி, துப்பாக்கி எதுவும் வேண்டாம். போலிக் கத்தியைப் பார்த்தால் பெரியவர்களுக்கு நாடகம் என்று தெரிந்துவிடும், சின்னவர்களுக்குத் தெரியாது. இரண்டு வகையிலும் நஷ்டம். மரணத்தைக் காதுக்குக் கொடுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். வேலை முடிந்து தெருமுனைக்கு வந்ததும் அண்ணன் இரண்டு சுரத்தில் சீட்டியடிப்பான், தம்பி வீட்டிலிருந்து மூன்றாவது சுரத்தை அடித்து முடித்துவைப்பான். இது முதல் காட்சியிலேயே வர வேண்டும். முதல் பாதியின் நடுவில், இருவரும் சண்டை போட்டு சமாதானமாகும் இடத்தில் இன்னொரு தடவை. இடைவேளை முடிந்ததும் மூன்றாம் தடவை. மூன்று தடவை கேட்காத காதுக்கு நான்காவது எதையும் சொல்லாது. சண்டையை நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் 32 எண்ணிக்கைக்கு நடனமாக வையுங்கள். சரியாக 20 நொடி. ஆடுபவர்கள் இரண்டு கை தூரத்தில் நிற்கட்டும், யாரும் யாரையும் தொட வேண்டாம். அண்ணன் பின்வாங்கிக்கொண்டே மேடையோரத் திரைமறைவுக்குள் மறைகிறான். மேளம் நிற்கிறது. தம்பி மேல்மட்டத்தில், வீட்டு வாசலில் காத்திருக்கிறான். வெளியிலிருந்து முதல் சுரம் கேட்கிறது. இரண்டாவது வரவில்லை. நான்கு எண்ணிக்கை மௌனம். தம்பி அந்த இரண்டாவது சுரத்தைத் தானே அடித்துப் பார்க்கிறான். பதில் இல்லை.

இங்கே கெட்டுப்போக இரண்டு வழி உண்டு. பதற்றத்தில் உதடு காய்ந்து அண்ணனாக நடிப்பவருக்குச் சீட்டி வராமல் போகும். ஆகவே புல்லாங்குழல்காரர் ஒவ்வொரு காட்சியிலும் தயாராக இருக்கட்டும், சைகை கிடைத்தால் அவர் வாசிப்பார். மற்றது, பின்னணி இசை அந்த மௌனத்தை நிரப்பிவிடும். இசைக்குழுவுக்கு அந்த நான்கு எண்ணிக்கையும் தாளில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

அதன்பின் அம்மா தெளிவாக ஒரு வரி சொல்லட்டும்: “அண்ணன் இறந்துட்டான்.” ‘போயிட்டான்’, ‘நம்மள விட்டுட்டான்’ என்ற வார்த்தைகள் பெரியவர்களுக்குக் கனமானவை; பிள்ளைகளுக்கோ அவன் திரும்பி வருவான் என்றுதான் கேட்கும். கடைசிவரை காத்திருந்து, வீட்டுக்குப் போகும் வழியில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். நடனமாக்கினால் சாவின் கனம் குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். 1957இல் அரங்கேறிய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற இசை நாடகத்தில் கும்பல் மோதல் நடனமாகத்தான் வருகிறது, முதல் பாதி முடியும்போது இரண்டு பேர் இறந்து கிடக்கிறார்கள், யாருக்கும் அது விளையாட்டாகத் தெரிவதில்லை.

பாலியல் கொடுமையை மறைத்துக் காட்ட முயலாதீர்கள். கதவு சாத்துவது, விளக்கு அணைவது, அலறல் கேட்பது போன்ற குறிப்புகள் குடும்ப நாடகத்துக்கு மிக மோசமானவை. பெரியவர்கள் நெளிவார்கள்; பிள்ளை புரியாமல், ஏதோ பயங்கரம் என்று மட்டும் உணர்ந்து திகிலோடு உட்கார்ந்திருக்கும். நிகழ்ச்சியையே மாற்றுங்கள். ஆனால் எடை குறையக் கூடாது. அந்தக் காட்சி கதையில் செய்யும் வேலை என்ன? தன் கும்பல் யாரையும் விட்டுவைக்காது என்பதை அண்ணன் உணர்ந்து விலக நினைக்கிறான். அப்படியானால் அவள் ஊரைவிட்டுப் போய்ப் படிக்கச் சேர்த்த பணமும் சான்றிதழ்களும் எரிக்கப்படட்டும். திரும்பச் சரிசெய்ய முடியாத இழப்பு என்பதுதான் முக்கியம். மறுகாட்சியில் யாராவது உதவிச் சரியாகிவிடும் இழப்பாக இருந்தால் கதையின் முதுகெலும்பே உடைந்துவிடும். போதைக்குப் பதில் சூதாட்டம் பொருந்தும். முதல் தடவை சும்மா கிடைக்கும், பிறகு ஆளைக் கட்டிப்போடும் என்ற இயக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கெட்ட வார்த்தைகளுக்கு ஒவ்வொன்றாக நல்ல வார்த்தை தேடினால் ரவுடிகள் பள்ளிக்கூட வாத்தியார்போல் பேசுவார்கள். அதைவிட, கும்பலுக்கென்று ஆறேழு சொல் நீங்களே உருவாக்குங்கள். வல்லினம் மிகுந்த, இரண்டு அசைச் சொற்கள் நாக்கில் நன்றாக வெடிக்கும். பணம், போலீஸ், ஏமாளி, ஓடு போன்றவற்றுக்கு ஒவ்வொரு சொல் இருந்தால் போதும். தலைவன் மட்டும் அவற்றைப் பேசவே கூடாது. அவன் பதினொரு வயதுப் பையனைக்கூட “வாங்க தம்பி, உக்காருங்க” என்றே பேசட்டும். ஒரே ஒரு இடத்தில், குரலை உயர்த்தாமல், “நீ போ” என்கிறான். நம் மொழியில் மரியாதை கழன்று விழும் அந்த நொடி எந்த வசவையும்விடப் பயமுறுத்தும். அதை நாடகம் முழுக்க ஒருமுறைதான் செலவழிக்கலாம்.

பாட்டு எழுதுபவரிடம் இதைச் சொல்லுங்கள்: உச்ச சுரத்தில் நெடில் விழ வேண்டும். ‘வானே’, ‘நிலா’, ‘வருவாயோ’ எல்லாம் நீண்டு நிற்கும். குற்றியலுகரத்தில் முடியும் சொல்லை அங்கே வைத்தால் ‘வந்தது’ என்பது ‘வந்ததூ’ ஆகி, உருக்கமான இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். கதை புரியத் தேவையான தகவலை, இரண்டு பேர் வெவ்வேறு வரியை ஒரே நேரத்தில் பாடும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். படம் பார்க்காத பிள்ளைக்கு அது தொலைந்துபோன தகவல்.

தம்பி வேடத்துக்கு இரண்டு பையன்களைத் தயார்செய்யுங்கள். ‘பில்லி எலியட்’ படம் 2005இல் லண்டனில் இசை நாடகமானபோது நாயகனான சிறுவன் வேடத்தில் மூன்று பேர் மாறி மாறி நடித்தார்கள். அந்தப் பாரத்தைத் தினமும் ஒரே குழந்தை சுமக்க முடியாது. அந்த வயதுக் குரலுக்கு கீபோர்டின் நடு C சுரத்திலிருந்து அதற்கு மேல் ஸ்தாயி D சுரம் வரை வசதி. அதற்கு மேலே கத்தல்தான் வரும். ஒத்திகை நடக்கும்போதே குரல் உடையத் தொடங்கலாம். தம்பியின் பாட்டுகளை மூன்று, நான்கு அரைச்சுரம் கீழேயும் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐவரில் கீபோர்டு, பேஸ் கிட்டார், தாளம், கிட்டார், புல்லாங்குழல் என்று இருந்தால் இந்தக் கதைக்குப் போதும். பாடுபவர் குரலை டிரம்ஸ் விழுங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பெரிய வேலை.

திடீர் வெடிச் சத்தமும் முழு இருட்டும் ஒரே நேரத்தில் வர வேண்டாம். நொடிக்கு 3 தடவைக்கு மேல் மின்னும் விளக்கு அறவே வேண்டாம். வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது ஆபத்து. பயக் காட்சி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுமுன் ஒரு மூச்சு விட இடம் கொடுங்கள்: பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் திறக்கிறார் என்றால்கூடப் போதும். சண்டை நடனத்தை ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் பாதி வேகத்தில் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட வேண்டும், எத்தனையாவது நாளாக இருந்தாலும். விளம்பரத்தில் ‘குடும்பத்தோடு காணலாம்’ என்று மட்டும் போட்டால் பெற்றோருக்கு எதுவும் தெரியாது. ‘8 வயதுக்கு மேற்பட்டோருக்கு. கதையில் ஒருவர் இறக்கிறார், மேடையில் காட்டப்படாது. கடன், மிரட்டல் பற்றிய காட்சிகள் உண்டு’ என்று எழுதுங்கள்.

ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே, கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு முழு நாடகத்தையும் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கேட்க 15 பிள்ளைகளும் அவர்களோடு வந்தவர்களும் இருக்கட்டும். உங்களில் ஒருவர் மேடைப் பக்கமே பார்க்காமல் பிள்ளைகளை மட்டும் பார்த்து, அவர்கள் எப்போது நெளிகிறார்கள், எப்போது பெரியவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் ‘இது சரியா?’ என்ற கேள்வி. அங்கேதான் ஏதோ கூடிப்போயிருக்கிறது. முடிந்ததும் பிடித்ததா என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்தது என்பார்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் ஏன் இறந்தான் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அளவுக்கு மீறி மறைத்துவிட்டீர்கள். எப்படிக் குத்தினார்கள் என்பதைத்தான் சொல்கிறது என்றால் இன்னும் வெட்ட வேண்டும்.

முடிவில் போலீஸ் வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தலைவன் இரண்டாம் தடவையாகத் தம்பியை “வாங்க” என்று அழைக்கிறான், தம்பி போகவில்லை, அது போதும். அப்போது அவன் பக்கத்தில் அம்மாவும் காதலியும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நிற்கட்டும், பார்க்கும் பிள்ளைக்கு அவன் தனியாக இல்லை என்று தெரியும்.

திரை விழுந்து நடிகர்கள் வணங்க வரும்போது, எல்லாருக்கும் பழகிய துள்ளல் மெட்டு என்று இசைக்குழு அந்த எண்ணும் பாட்டையே எடுக்கும். அதைத் தடுத்துவிடுங்கள்; பிள்ளைகள் வாயில் அந்தப் பாட்டோடு வெளியே போகக் கூடாது. தம்பியின் ஆசைப் பாட்டை வாசிக்கட்டும். அண்ணனாக நடித்தவர் கடைசியில் வரட்டும். வந்ததும் முதல் இரண்டு சுரத்தை அவர் சீட்டியடிக்க, தம்பி மூன்றாவதை அடித்து முடிக்கட்டும். இறந்தவர் நடிகர்தான், நன்றாக இருக்கிறார் என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுக் குழந்தையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும்.